ஒன்ராறியோ குடிநீர் ஆபரேட்டர் பரீட்சைக்குத் தயாராவது: எதை முதலில் படிப்பது, எங்கே தடுக்கும்

ஒன்ராறியோவில் குடிநீர் ஆலை ஒன்றை இயக்கச் சான்றிதழ் வேண்டும். அதன் முதல் வாசல் பயிற்சி ஆபரேட்டர் பரீட்சை, எல்லோரும் ஓ.ஐ.டி. என்று சொல்வார்கள். 100 கேள்விகள், நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும், 70 எடுத்தால் தேர்ச்சி. நான் முதல் தடவை 66 எடுத்தேன். இரண்டாம் தடவை தேறினேன், அப்புறம் வகுப்புப் பரீட்சைகளையும் எழுதினேன். கடந்த சில வருடங்களாகப் புதிதாக எழுதுபவர்களுடன் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து படித்து வருகிறேன். பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது பாடம் கடினம் என்பதால் அல்ல, படிக்கும் வரிசை பிழைப்பதால்தான். அதனால் இந்த வழிகாட்டியும் வரிசையைத்தான் முதன்மையாகப் பார்க்கிறது.

1. எந்தப் பரீட்சை என்று முதலில் உறுதிசெய்யுங்கள்

குடிநீரும் கழிவுநீரும் இரண்டு வெவ்வேறு பாதைகள். குடிநீர் ஆபரேட்டர்களுக்கு 128/04 என்ற ஒழுங்குவிதி, கழிவுநீருக்கு 129/04. ஒன்றில் தேறியது மற்றதற்குச் செல்லாது. தெரிந்த தம்பி ஒருவர் விண்ணப்பப் பக்கத்தில் அவசரத்தில் தவறான பெட்டியைத் தெரிவுசெய்துவிட்டு, மூன்று மாதம் குடிநீர் படித்த பிறகு பரீட்சை மண்டபத்தில் கழிவுநீர்க் கேள்விகளைப் பார்த்து நின்றார்.

ஓ.ஐ.டி.க்கு மேலே முதலாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை இருக்கிறது. ஆலை எவ்வளவு சிக்கலானதோ அந்த அளவுக்கு அதன் வகுப்பும் உயரும். வகுப்புப் பரீட்சைகளில் சுத்திகரிப்பு வேறு, விநியோகம் வேறு. நீங்கள் ஆலைக்குள் வேலை செய்யப் போகிறீர்களா, வீதிக் குழாய்களில் வேலை செய்யப் போகிறீர்களா என்பதை இப்போதே யோசித்து வைத்தால் பின்னால் பணமும் நேரமும் மிஞ்சும்.

2. புத்தகத்தைத் திறக்கும் முன் ஆவணங்கள்

இதை முதலில் செய்யச் சொல்லக் காரணம் எளிது: படிப்பு உங்கள் கையில் இருக்கிறது, ஆவணம் அடுத்தவர் கையில் இருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு அல்லது அதற்கு நிகரான கல்வித் தகைமை வேண்டும். கனடாவுக்கு வெளியே படித்தவர்கள் அது நிகரானது என்று காட்ட வேண்டியிருக்கும். இலங்கையில் உயர்தரம் எடுத்தவர்கள் பரீட்சைத் திணைக்களத்திலிருந்து சான்றிதழ் எடுப்பிக்கவே வாரக்கணக்கில் ஆகலாம். ஊரில் யாராவது போய் வரிசையில் நிற்கவும் வேண்டும். ஆகவே இன்றைக்கே தொடங்குங்கள்.

அடுத்தது பெயர். நம்மவர்களுக்கு இது தனிச் சிக்கல். பாடசாலைச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முதலெழுத்தாக இருக்கும், கனடிய அடையாள அட்டையில் அதுவே முழுப் பெயராக இருக்கும், சாரதி அனுமதிப் பத்திரத்தில் இரண்டும் இடம் மாறியிருக்கும். விண்ணப்பத்தில் எழுதும் பெயர், பரீட்சை நாளில் காட்டும் அட்டையில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். சான்றிதழில் வேறுமாதிரி இருந்தால் அதற்கான விளக்கக் கடிதத்தையோ பிரமாணப் பத்திரத்தையோ முன்கூட்டியே தயார் செய்துவிடுங்கள்.

3. பத்து வாரத்தைப் பங்கிடுங்கள்

வேலைக்குப் போய்வந்து படிப்பவருக்குப் பத்து வாரம் நியாயமான கணக்கு. முதல் மூன்று வாரம் தண்ணீர் போகும் பாதைக்கு. அடுத்த இரண்டு வாரம் குளோரினுக்கு. அதன்பின் இரண்டு வாரம் கணக்கு. ஒரு வாரம் சட்டமும் பாதுகாப்பும். கடைசி இரண்டு வாரம் மாதிரிக் கேள்விகள்.

நிறையப் பேர் கணக்கில் தொடங்குகிறார்கள், பயம் அதில் இருப்பதால். அது பிழை. தொட்டி என்ன வேலை செய்கிறது என்று தெரியாமல் அதன் கொள்ளளவைக் கணக்கிட்டால், வந்த விடை சரியா பிழையா என்று மனசு சொல்லாது. இன்னும் சிலர் மாதிரிக் கேள்விகளில் தொடங்குகிறார்கள். அவர்களுக்கு விடை மனப்பாடமாகிவிடும், கேள்வியை ஒரு சொல் மாற்றிக் கேட்டால் தடுமாறுவார்கள். நான் 66 எடுத்தது இப்படித்தான்.

புத்தக விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கையில் கிடைக்கும் பாடநூல்களில் பல அமெரிக்காவில் எழுதப்பட்டவை. விளக்கங்கள் மிக நன்றாக இருக்கும், ஆனால் கணக்கெல்லாம் கலன், அடி, இறாத்தல். 8.34 என்ற எண்ணை எங்கே கண்டாலும் அது இறாத்தலுக்கும் கலனுக்குமான எண் என்று புரிந்துகொண்டு நகருங்கள். நமக்குத் தேவை லீற்றர், கன மீற்றர், கிலோகிராம்.

4. தண்ணீர் போகும் பாதையை ஒரு தாளில் வரையுங்கள்

பெரிய தாள் ஒன்றை எடுத்து இடது ஓரத்தில் ஏரி, வலது ஓரத்தில் வீட்டுக் குழாய். நடுவில் ஆலை. ஒன்ராறியோ ஏரியிலிருந்து எடுக்கும் வழமையான ஆலை என்றால் வரிசை இப்படி இருக்கும்: உள்ளெடுக்கும் குழாய், சல்லடை, வேகக் கலப்பு, மெதுவான கலப்பு, படிய விடும் தொட்டி, வடிகட்டி, கிருமிநீக்கம், சுத்த நீர்த் தொட்டி, உயரழுத்த பம்ப்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே நான்கு விஷயங்களை எழுதுங்கள். இங்கே என்ன சேர்கிறது? தண்ணீரில் என்ன மாறுகிறது? எந்தக் கருவி அதைக் காட்டும்? இது பழுதானால் அடுத்த கட்டத்தில் என்ன தெரியும்? நாலாவது கேள்விதான் முக்கியம். பரீட்சையில் நிறையக் கேள்விகள் "இந்த அறிகுறி தெரிகிறது, காரணம் என்ன" என்ற வடிவில்தான் வரும்.

உதாரணத்துக்குப் படிகாரத்தை எடுப்போம், பரீட்சையில் அலம் என்று வரும். ஏரித் தண்ணீரில் உள்ள நுண் துகள்கள் எல்லாம் ஒரே மறை (நெகட்டிவ்) மின்னேற்றத்தோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். படிகாரம் அந்தத் தள்ளலை அடக்குகிறது. அதை ஒரு நொடியில் எங்கும் பரப்ப வேண்டும், அதனால் முதல் கலப்பு வேகமானது. பிறகு துகள்கள் மெல்ல முட்டி ஒட்ட வேண்டும், அதனால் இரண்டாம் கலப்பு மெதுவானது. அங்கே வேகம் கூடினால் உருவான திரள் உடையும். இந்தக் காரணம் மனதில் இருந்தால் வரிசையைத் தனியாகப் பாடமாக்கத் தேவையில்லை.

முடிந்தால் ஜார் சோதனையை ஒரு முறையாவது நேரில் பாருங்கள். ஆறு கண்ணாடிக் குடுவைகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு படிகாரம், ஒரே மோட்டாரில் சுழலும் ஆறு துடுப்புகள். சில நிமிடங்களில் ஒரு குடுவையில் மட்டும் பஞ்சுத் துணுக்கு மாதிரித் திரள் தெரியத் தொடங்கும். துடுப்பை நிறுத்தியதும் அது கண்முன்னால் இறங்கும், மேலே தண்ணீர் தெளியும். பக்கத்துக் குடுவையில் படிகாரம் கூடிப்போனதால் தண்ணீர் மறுபடி மங்கலாக இருக்கும். "கூடப் போட்டால் கூடத் தெளியும்" என்ற எண்ணம் அந்த இடத்திலேயே போய்விடும்.

தமிழில் யோசிப்பவர்களுக்கு இங்கே ஒரு குழி இருக்கிறது. பி.எச். உயர்ந்தாலும் காரத்தன்மை என்போம், அல்கலினிட்டிக்கும் காரத்தன்மை என்றே எழுதுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. பி.எச். என்பது தண்ணீர் இப்போது எங்கே நிற்கிறது என்பது. அல்கலினிட்டி என்பது அமிலம் சேர்ந்தாலும் அந்த இடத்தை விட்டு நகராமல் தாங்கும் பலம். 1 மில்லிகிராம் படிகாரம் ஏறத்தாழ அரை மில்லிகிராம் அல்கலினிட்டியைத் தின்னும். அது தீர்ந்த பிறகுதான் பி.எச். சடாரென்று விழும், திரள் உருவாகாது. இந்தச் சொல்லை மட்டும் மொழிபெயர்க்காமல் அல்கலினிட்டி என்றே குறிப்பில் எழுதுங்கள்.

வடிகட்டியில் மூன்று விஷயம் தெரிந்தால் போதும். ஒன்று, அடுக்கு: மேலே பெரிய, இலேசான ஆந்த்ரசைட் நிலக்கரி, கீழே சிறிய, கனமான மணல். கழுவி முடித்ததும் இலேசானது மேலேயே தங்கும், அதனால் அடுக்கு குலையாது. இரண்டு, எப்போது பேக்வாஷ் (தண்ணீரைப் பின்னோக்கி விட்டுக் கழுவுதல்) செய்வது: அழுத்த இழப்பு எல்லையைத் தொட்டால், கலங்கல் கூடத் தொடங்கினால், அல்லது வைத்த மணித்தியாலம் முடிந்தால். மூன்றில் எது முதலில் வருகிறதோ அது. மூன்று, கழுவியதும் வரும் முதல் தண்ணீர் கலங்கலாக இருக்கும், அதைக் கழிவுக்கு விட வேண்டும். நேரே சுத்த நீர்த் தொட்டிக்கு விடுவதாகச் சொல்லும் விடை பார்க்க நியாயமாகவே தோன்றும், அது பிழையானது.

5. குளோரினுக்கு இரண்டு முழு வாரம் கொடுங்கள்

மற்ற எதையும் அரைகுறையாகப் படித்துத் தப்பலாம். இதில் முடியாது. கேள்விகளும் அதிகம், நாளை வேலையில் மனித உயிர் நேரடியாகத் தங்கியிருப்பதும் இதில்தான்.

முதல் சமன்பாடு: போட்டது = தண்ணீர் குடித்தது + எஞ்சியது. லீற்றருக்கு 2.4 மில்லிகிராம் போட்டீர்கள், எஞ்சியது 0.9 என்றால் தண்ணீர் 1.5 குடித்திருக்கிறது. அளவை மாற்றாமலே எஞ்சியது குறைந்தால் ஒன்றில் பம்ப் சரியாகப் போடவில்லை, இல்லையென்றால் தண்ணீரில் ஏதோ கூடியிருக்கிறது. ஒரு நல்ல ஆபரேட்டர் முதலில் யோசிப்பது இந்த இரண்டைத்தான்.

இரண்டாவது, குளோரின் தண்ணீரில் எந்த வடிவில் நிற்கிறது. பி.எச். குறைவாக இருந்தால் ஹைப்போகுளோரஸ் அமிலம் அதிகம், கிருமியைக் கொல்வதில் அதுவே வலியது. பி.எச். சுமார் 7.5இல் பாதிக்குப் பாதி. அதற்கு மேலே போகப் போக வலு குறைந்த வடிவம் கூடும். ஆகவே பி.எச். ஏறினால் அதே அளவு குளோரின் குறைவாக வேலை செய்யும். குளிர்ந்தாலும் அப்படியே. ஜனவரி மாதத்து ஏரித் தண்ணீரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, எஞ்சிய குளோரினைச் சோதிப்பது. டி.பி.டி. பொடியைப் போட்டால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும், எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு குளோரின். முதல் பொடி தனிக் குளோரினை (எதோடும் சேராமல் நிற்பதை) காட்டும், மொத்தத்தைக் காட்ட வேறு பொடி. மொத்தத்திலிருந்து தனியைக் கழித்தால் அமோனியாவோடு சேர்ந்தது வரும். இந்த மூன்றையும் குழப்பாதவர்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். ஒரு அட்டையில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள்.

நான்காவது, வாயு. குளோரின் வாயு காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனம், தரையில் படியும். ஆகவே வெளியேற்றும் துவாரம் தரைக்கு அருகில் இருக்கும். கசிவைத் தேட அமோனியா ஆவி. பட்ட இடத்தில் வெண்புகை எழும். கசியும் சிலிண்டர் மேல் தண்ணீர் அடிக்கக் கூடாது. குளோரினும் தண்ணீரும் சேர்ந்து உலோகத்தை அரிக்கும், ஓட்டை பெரிதாகும். பதற்றத்தில் மனிதர் செய்யத் துடிப்பது தண்ணீர் அடிப்பதைத்தான், அதனாலேயே பரீட்சையில் அதைக் கேட்கிறார்கள்.

6. கணக்கு: சூத்திரத்துக்கு முன் அலகு

சூத்திரத் தாளைப் பரீட்சையிலேயே தருவார்கள். அதைப் பாடமாக்க நேரம் செலவழிக்காதீர்கள். எந்த வரி எங்கே இருக்கிறது என்று கண் பழகினால் போதும். தடுக்குவது எப்போதும் அலகில்தான்.

ஒரு திறவுகோல் தருகிறேன்: ஒரு லீற்றருக்கு 1 மில்லிகிராம் என்பதும் ஒரு கன மீற்றருக்கு 1 கிராம் என்பதும் ஒன்றே. இது கைக்குள் வந்தால் மருந்தளவுக் கணக்குகளில் பாதி மனக்கணக்காகிவிடும்.

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். ஆலை நாளொன்றுக்கு 4,500 கன மீற்றர் அனுப்புகிறது. குளோரின் அளவு லீற்றருக்கு 2.4 மில்லிகிராம். கையில் இருப்பது 12 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது லீற்றருக்கு 120 கிராம் குளோரின். பம்ப் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் போட வேண்டும்?

கன மீற்றருக்கு 2.4 கிராம் என்று மாற்றி எழுதுங்கள். 4,500 ஆல் பெருக்க 10,800 கிராம், நாளொன்றுக்கு. 120 ஆல் வகுக்க 90 லீற்றர். அது 90,000 மில்லிலீற்றர். ஒரு நாளில் 1,440 நிமிடம். வகுத்தால் 62.5 மில்லிலீற்றர்.

இதில் வழக்கமாக நடக்கும் பிழை ஒன்று: 12 சதவீதத்தால் வகுப்பதற்குப் பதில் பெருக்குவது. தடுக்க ஒரு வழி உண்டு. மருந்து ஐதானது, ஆகவே தூய குளோரினை விட அதிகம் வேண்டும். விடை குறைந்தால் பிழை. கல்குலேட்டரைத் தொடும் முன்பே "கூடுமா குறையுமா" என்று ஓரத்தில் ஒரு அம்பு போட்டு வைக்கச் சொல்கிறேன். அந்த அம்பு நிறையப் பேரைக் காப்பாற்றியிருக்கிறது.

அடுத்தது வட்டத் தொட்டி. கொள்ளளவு = 0.785 × விட்டம் × விட்டம் × ஆழம். விட்டம் 10 மீற்றர், ஆழம் 4 மீற்றர் என்றால் 314 கன மீற்றர். பாடசாலையில் ஆரையோடு படித்தவர்கள் பழக்கத்தில் 5ஐப் போட்டு 78.5 எடுப்பார்கள். சரியான விடையின் நாலில் ஒன்று. அந்த 78.5உம் விடைகளில் ஒன்றாக அங்கே காத்திருக்கும்! விடைத் தாளில் உங்கள் எண் இருக்கிறது என்பதால் அது சரி என்று எண்ணாதீர்கள்.

மூன்றாவது, சி.டி. கணக்கு. குளோரின் செறிவை அது தண்ணீரோடு தொட்டிருக்கும் நிமிடங்களால் பெருக்குவது. சுத்த நீர்த் தொட்டியில் 540 கன மீற்றர், உச்ச ஓட்டம் நிமிடத்துக்கு 3 கன மீற்றர். வகுத்தால் 180 நிமிடம். ஆனால் எல்லாத் தண்ணீரும் அவ்வளவு நேரம் நிற்பதில்லை, ஒரு பகுதி குறுக்கு வழியில் ஓடிவிடும். தடுப்புச் சுவர்கள் சரியில்லாத தொட்டிக்குத் தடுப்புக் காரணி 0.3 என்று தந்திருந்தால் 54 நிமிடம்தான் கணக்கு. வெளியேறும் இடத்தில் எஞ்சிய குளோரின் 0.8 என்றால் சி.டி. 43.2.

இங்கே மூன்று இடத்தில் தடுக்கும். சராசரி ஓட்டத்தைப் போடுவது, தடுப்புக் காரணியை மறப்பது, போட்ட அளவைச் செறிவாக எடுப்பது. மூன்றுக்கும் காரணம் ஒன்றே: மிக மோசமான நேரத்திலும் கிருமி செத்ததா என்று கேட்கும் கணக்கு இது. ஆகவே ஓட்டம் உச்சத்தில், நீர்மட்டம் தாழ்வில், குளோரின் கடைசியில் எஞ்சியது.

நாளுக்குப் பத்துக் கணக்கு, கையால், ஒவ்வொரு வரியிலும் அலகோடு. இரண்டு வாரத்தில் பயம் போய்விடும்.

7. சட்டமும் எண்களும்

பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் 2002ஐச் சேர்ந்தது. அதன் கீழே 170/03 ஆலை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும், 169/03 தண்ணீரில் எது எவ்வளவு இருக்கலாம் என்று சொல்லும், 128/04 உங்களைப் பற்றிச் சொல்லும். இந்த மூன்று எண்ணையும் இப்படியே பிரித்து வைத்தால் குழப்பமில்லை.

பாடமாக்க வேண்டியவை அதிகமில்லை. ஈ.கோலை, மொத்த கோலிஃபார்ம் ஆகிய பக்டீரியாக்கள் இரண்டும் கண்டறியப்படவே கூடாது. விநியோகக் குழாயில் தனிக் குளோரின் லீற்றருக்கு 0.05 மில்லிகிராமுக்குக் கீழே போகக் கூடாது. அடுத்து வரும் நான்குக்கும் அதே அலகில் உச்ச எல்லை. நைத்திரேற்று, நைதரசனாகக் கணக்கிட்டு 10. ஈயம் 0.010. புளோரைட் 1.5. டிரைஹேலோமீத்தேன்கள் (குளோரின் போடுவதால் உண்டாகும் துணைப் பொருட்கள்), ஓடும் வருடச் சராசரியில் 0.100. இரசாயனம் சேர்த்து வடிகட்டும் ஆலையில் மாதத்தின் 95 சதவீத அளவீடுகளில் கலங்கல் 0.3 என்.டி.யு. (கலங்கலை அளக்கும் அலகு) அல்லது அதற்குக் கீழே. ஏரி, ஆற்றுத் தண்ணீர் என்றால் நீக்க வேண்டிய அளவு, ஒட்டுண்ணிகளான கிரிப்டோஸ்போரிடியத்துக்கு 2 லொக், ஜியார்டியாவுக்கு 3, வைரஸுக்கு 4. ஒரு லொக் என்பது பத்தில் ஒன்றாக்குவது. 2 என்றால் 99 சதவீதம் நீங்கியது.

எண்களைவிட அதிகம் கேட்பது "கெட்ட முடிவு வந்தால் என்ன செய்வீர்கள்" என்பது. வரிசை இது: உடனே மருத்துவ சுகாதார அதிகாரிக்கும் சுற்றாடல் அமைச்சின் கசிவு நடவடிக்கை மையத்துக்கும் வாயால் அறிவிப்பது. ஓர் ஆளோடு பேச வேண்டும், குரலஞ்சலில் சொல்லிவைப்பது கணக்கில் வராது. 24 மணித்தியாலத்துக்குள் எழுத்தில். ஈ.கோலை என்றால் உடனே குளோரினைக் கூட்டிக் குழாய்களைத் திறந்து ஓடவிட்டு, எல்லா இடத்திலும் தனிக் குளோரின் குறைந்தது 0.2 ஆகும்படி செய்து, மறுபடி மாதிரி எடுப்பது: அதே இடத்தில் ஒன்று, மேல்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்று. "முதலில் மறுபடி சோதித்து உறுதிசெய்துவிட்டு அறிவிப்பேன்" என்ற விடை புத்திசாலித்தனமாகத் தெரியும். அதுவே பொறி.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், 2000ஆம் ஆண்டு மே மாதம் வாக்கர்ட்டன் என்ற சிறு ஊரில் கிணற்றுத் தண்ணீரில் ஈ.கோலை கலந்து ஏழு பேர் இறந்தார்கள், 2,000க்கு மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். அங்கே எஞ்சிய குளோரினை நாள்தோறும் அளக்காமலே பதிவேட்டில் 0.5, 0.75 என்று எழுதி வந்தார்கள் என்பது விசாரணையில் வெளிவந்தது. இன்றைய விதிகளில் பல அந்த விசாரணைக்குப் பிறகு வந்தவை. பதிவேடு பற்றிக் கேள்வி வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்: அளந்ததை மட்டும் எழுதுவது, நேர வரிசையில் எழுதுவது, பிழையை அழிக்காமல் ஒரு கோட்டால் வெட்டிக் கையொப்பமிடுவது, ஐந்து வருடம் வைத்திருப்பது.

இன்னொன்று: பயிற்சி ஆபரேட்டர் பொறுப்பு ஆபரேட்டராக இருக்க முடியாது. இது கிட்டத்தட்ட இலவச மதிப்பெண்.

8. பாதுகாப்பு, சுருக்கமாக

அடைபட்ட இடத்துக்குள் இறங்கும் முன் வெளியே நின்று காற்றைச் சோதிப்பது. ஒட்சிசன் 19.5 சதவீதத்துக்கும் 23 சதவீதத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். வெளியே ஒருவர் காவலுக்கு. உள்ளே விழுந்தவரைக் காப்பாற்றத் தானும் குதிப்பதாகச் சொல்லும் விடை எப்போதும் பிழை. மோட்டாரைத் தொடும் முன் மின்சாரத்தைத் துண்டித்து உங்கள் சொந்தப் பூட்டைப் போடுவது. அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றுவது, தண்ணீரை அமிலத்தில் அல்ல. ஒரு மாலை நேரப் படிப்பு போதும்.

9. மாதிரிக் கேள்விகளை எப்படிச் செய்வது

எண்ணிக்கை முக்கியமில்லை, பிழைத்ததை என்ன செய்கிறீர்கள் என்பதே முக்கியம். ஒரு கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள்: தெரியாது, வாசிப்பில் பிழைத்தது, கணக்கில் பிழைத்தது. ஒவ்வொரு பிழையையும் ஒரு நிரலில் எழுதுங்கள். ஒரு வாரத்தில் உங்கள் நோய் எது என்று தெரிந்துவிடும். என்னோடு படித்த அக்கா ஒருவருக்கு முதல் நிரல் கிட்டத்தட்ட வெறுமை, நடு நிரல் நிரம்பி வழிந்தது. அவருக்குப் பாடம் எல்லாம் தெரியும், கேள்வியை முடிவு வரை வாசிக்கவில்லை. அதன் பிறகு அவர் கேள்வியின் கடைசி வரியை முதலில் வாசிக்கத் தொடங்கினார், இரண்டு வாரத்தில் மாதிரிப் பரீட்சையில் 80ஐத் தாண்டினார்.

கவனிக்க வேண்டிய சொற்கள்: ஃபர்ஸ்ட், பெஸ்ட், மோஸ்ட் லைக்லி, எக்செப்ட். "முதலில் என்ன செய்வீர்கள்" என்ற கேள்வியில் நான்கு விடையும் செய்ய வேண்டியவையாகவே இருக்கலாம். ஆளின் பாதுகாப்பு, பொதுமக்களின் பாதுகாப்பு, பிறகு கருவி, பிறகு பதிவு என்ற வரிசையில் வடிகட்டுங்கள்.

பரீட்சை ஆங்கிலத்தில் இருப்பதால் சோடி சோடியாக வரும் சொற்களுக்கு அட்டை செய்யுங்கள். இன்ஃப்ளுவென்ட் உள்ளே வருவது, எஃப்ளுவென்ட் வெளியே போவது. சக்ஷன் பம்பின் உறிஞ்சும் பக்கம், டிஸ்சார்ஜ் தள்ளும் பக்கம். டிமாண்ட் தண்ணீர் குடிப்பது, ரெசிடியூவல் எஞ்சுவது. விளக்கத்தைத் தமிழில் எழுதுங்கள், சொல்லை ஆங்கிலத்தில் வைத்திருங்கள். நான் பார்த்தவரை தமிழில் ஒரு தடவை இன்னொருவருக்கு விளக்கிச் சொன்னது மறப்பதில்லை.

"வந்த கேள்விகள்" என்று விற்பவர்களிடம் வாங்காதீர்கள். விடைகளில் பிழை மலிந்திருக்கும், அந்தப் பிழையோடு ஆலைக்குள் போவது இன்னும் மோசம்.

10. பரீட்சை நாள்

அடையாள அட்டை, கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடி, அரை மணித்தியாலம் முன்பே போய்ச் சேருவது. கேள்வித்தாளை மூன்று சுற்றாகச் செய்யுங்கள். முதல் சுற்றில் வாசித்ததும் தெரிந்தவை மட்டும். இரண்டாம் சுற்றில் கணக்குகள். மூன்றாம் சுற்றில் சந்தேகமானவை. கணக்கை நடுவில் பிடித்துக்கொண்டு நின்றால் பின்னால் இருக்கும் இலகுவான இருபது கேள்விகள் அவசரத்தில் பிழைக்கும். எதையும் வெறுமையாக விடாதீர்கள். விடையை மாற்றுவதென்றால் காரணம் ஒன்று தெரிந்தால் மட்டும் மாற்றுங்கள்.

11. தேறிய மறுநாள்

தேர்ச்சிக் கடிதம் வந்ததும் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இரண்டும் தனித்தனி. பிறகு முதலாம் வகுப்புக்கு ஒரு வருட அனுபவமும், வாக்கர்ட்டன் சுத்தநீர் மையத்தின் ஆரம்பநிலைப் பயிற்சியும், முதலாம் வகுப்புப் பரீட்சையும் வேண்டும். பரீட்சையை அனுபவம் முடியும்வரை தள்ளிப்போடாதீர்கள், படித்தது சூட்டோடு இருக்கும்போது எழுதுங்கள்.

வேலை கிடைத்த முதல் நாளிலிருந்து மணித்தியாலங்களை நீங்களே எழுதி வையுங்கள்: திகதி, ஆலை, செய்த வேலை, எத்தனை மணி. மாதக் கடைசியில் மேற்பார்வையாளரிடம் கையொப்பம் வாங்குங்கள். ஒருவர் பதினொரு மாதம் வேலை செய்த பிறகு மேற்பார்வையாளர் இடம் மாறிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் தான் பார்க்காத வேலைக்குக் கையொப்பமிட மாட்டேன் என்றார், அதில் பிழையும் சொல்ல முடியாது. வேலை செய்தவர் பழைய மேற்பார்வையாளரைத் தேடிக் கண்டுபிடித்துக் கையொப்பம் வாங்க நான்கு மாதமானது.